கோவா போவதற்கு முன்: டிரையத்லான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பயிற்சியாளன் இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில், கோவாவின் அயர்ன்மேன் 70.3 போட்டியை ஏழரை மணி நேரத்துக்கு மேல் எடுத்து முடிக்கிற சராசரி ஆள். ஆனால் சென்னை வேளச்சேரி நீச்சல் குளத்து வாசலிலும், ஞாயிறு காலை ஈ.சி.ஆர். டீக்கடையிலும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. 2025 நவம்பரில் பா.ஜ.க. அரசியல்வாதிகள் தேஜஸ்வி சூர்யாவும் அண்ணாமலையும் கோவாவில் ஓடி முடித்த செய்தி வந்த பிறகு, அதுவரை சைக்கிளைத் தொடாதவர்கள்கூடக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

டிரையத்லான்னா மூணையும் தனித்தனி நாள்ல பண்றதா, இல்ல ஒரே மூச்சுலயா?

ஒரே மூச்சில்தான். முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம். நடுவில் கடிகாரம் நிற்காது. தண்ணீரிலிருந்து வெளியே வந்து உடம்பைத் துடைப்பது, சாக்ஸ் மாட்டுவது, சைக்கிளைத் தேடுவது எல்லாமே உங்கள் கணக்கில்தான் சேரும். இப்படி மாறும் இடத்துக்கு டிரான்சிஷன் என்று பெயர். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுவதை டி1 என்றும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவதை டி2 என்றும் விளையாடுபவர்கள் சொல்வார்கள்.

அயர்ன்மேனும் டிரையத்லானும் ஒண்ணுதானே? 70.3ன்னா என்ன நம்பர்?

டிரையத்லான் என்பது விளையாட்டு. அயர்ன்மேன் என்பது அதில் ஒரு நிறுவனம் நடத்தும் போட்டிகளின் பெயர். 1978இல் ஹவாயில் தொடங்கியது. இன்று நீண்ட தூரத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வழக்கமான தூரங்கள் நான்கு. ஸ்பிரின்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். மற்றவை இதே வரிசையில், எல்லாம் கி.மீ.யில். ஒலிம்பிக்: 1.5, 40, 10. அரை அயர்ன்மேன்: 1.9, 90, 21.1. முழு அயர்ன்மேன்: 3.8, 180, 42.2. அரை தூரத்தை மைலில் கூட்டினால் 70.3 வரும், கிலோமீட்டரில் 113. அதனால்தான் அந்த எண்.

இந்தியாவுல கோவா மட்டும்தானா? முதல் தடவையே அதுக்குப் போகலாமா?

அயர்ன்மேன் பெயரில் இந்தியாவில் நடந்த முதல் போட்டி 2019 அக்டோபர் 20 அன்று பணஜியின் மீராமர் கடற்கரையில் நடந்தது. ராணுவ வீரர் பிஷ்வர்ஜித் சைக்கோம் 4 மணி 42 நிமிடத்தில் வென்றார். கொரோனாவால் இரண்டு வருடம் நின்று, 2022இலிருந்து மறுபடி நடக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இது தவிர கோலாப்பூர், ஹைதராபாத், சென்னை போன்ற ஊர்களில் உள்ளூர் மன்றங்கள் பல வருடமாகச் சின்ன தூரப் போட்டிகளை நடத்திவந்திருக்கின்றன.

முதலிலேயே கோவாவுக்குப் போய் முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் என்னைக் கேட்டால், அதற்கு முன் ஒரு ஸ்பிரின்டாவது செய்யுங்கள். பதக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஈரக் காலில் சாக்ஸ் ஏறாது, சைக்கிளை விட்டு இறங்கி ஓடினால் முதல் ஒரு கிலோமீட்டர் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும் என்பதையெல்லாம் இருபதாயிரம் ரூபாய் கட்டித் தெரிந்துகொள்ள வேண்டாமே.

எனக்கு நீச்சலே தெரியாது. வயசு 38. ஆறு மாசத்துல முடியுமா?

ஸ்பிரின்ட் முடியும். கோவாவுக்கு ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டமும் சைக்கிளும் மூச்சும் காலும் இருந்தால் வந்துவிடும். நீச்சலில் முழுக்க நுணுக்கம். கை கால் பலத்தை நம்பி இறங்கினால் 50 மீட்டரில் மூச்சு வாங்கும். தலையைத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாக மூச்சை விடக் கற்றுக்கொள்வதற்கே பெரியவர்களுக்கு ஒரு மாதம் போகும். போகட்டும், அவசரப்படாதீர்கள்.

எந்த பாணியிலும் நீந்தலாம். ஃப்ரீஸ்டைல்தான் என்று விதி இல்லை. களைத்துப்போனால் காவலுக்கு நிற்கும் கயாக் படகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். படகு உங்களை முன்னே இழுத்துப் போகாத வரை தகுதி நீக்கம் கிடையாது. கையைத் தூக்கி ஆட்டினால் வருவார்கள்.

குளத்துல நிக்காம 2 கி.மீ. நீந்துறேன். கடல் என்ன அவ்ளோ வேறயா?

வேறுதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

வேளச்சேரியின் 50 மீட்டர் குளத்தில் 1.9 கி.மீ. என்பது 38 நீளம். ஒவ்வொரு நீளத்தின் முடிவிலும் சுவரை உதைத்துத் தள்ளுகிறீர்கள், அந்த அரை நொடி ஓய்வு உங்களுக்கே தெரியாது. கடலில் சுவர் இல்லை, அடியில் கறுப்புக் கோடும் இல்லை. மீராமர் மாண்டோவி ஆறு கடலில் சேரும் இடம். தண்ணீர் கலங்கலாக இருக்கும், நீட்டிய உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அதனால் ஏழெட்டு வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரிக் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேல் தூக்கி மிதவையைப் பார்க்கப் பழக வேண்டும். என் முதல் கடல் நீச்சலில் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு போனேன். கைக்கடிகாரம் 2.3 கி.மீ. காட்டியது. நானூறு மீட்டர் தண்டம்.

இன்னொன்று, பயம். பக்கத்தில் ஒருவர் கை உங்கள் தலையில் படும், காலை யாரோ பிடிப்பதுபோல் இருக்கும், ஒரு வாய் உப்புத்தண்ணீர் உள்ளே போகும். நெஞ்சு அடைக்கும். அந்த நேரத்தில் மல்லாந்து படுத்து இருபது மூச்சு விடுங்கள், சரியாகிவிடும். இதைக் குளத்திலேயே பழகலாம். நாலு நண்பர்கள் ஒரே லேனில் இடித்துக்கொண்டு நீந்தினால் போதும். கடலில் பழக கோவளம் பக்கம் கயாக் துணையோடு குழுவாக இறங்குகிறவர்களோடு சேருங்கள். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ தனியாக இறங்கவே இறங்காதீர்கள். அங்கே இழுக்கும் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் விடாது. அப்புறம் காலக்கணக்கும் உண்டு. போட்டி வருவது அக்டோபர், நவம்பரில். அதே நேரத்தில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும். ஆக, கடல் பயிற்சியைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும்.

சொறி கடிச்சா என்ன பண்றது?

ஜெல்லி மீனைத்தான் நம் மீனவர்கள் சொறி என்பார்கள். மழைக்காலம் முடிந்ததும் கோவாக் கடலில் இது வருவதுண்டு. பெரும்பாலும் சுரீர் என்று எரிந்து தடிக்கும், நீந்தி முடித்துவிடலாம். கரைக்கு வந்ததும் கடல் நீராலேயே கழுவுங்கள், தேய்க்காதீர்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே கையைத் தூக்கி ஆளைக் கூப்பிடுங்கள்.

வெட்சூட் வாங்கணுமா? நண்பர் ஒருத்தர் அமெரிக்காவுல இருந்து கொண்டுவர்றேன்னார்.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் வெட்சூட் போட்டவருக்குப் பரிசுத் தகுதி கிடையாது, 28.8க்கு மேல் போனால் போடவே கூடாது என்பது அயர்ன்மேன் விதி. நம் கடல் வெதுவெதுப்பான கடல். அதில் ரப்பர் உடை போட்டால் வெந்துவிடுவீர்கள். மூன்றுக்கும் சேர்த்துப் போடும் டிரைசூட் ஒன்று போதும். அதையும் போட்டி அன்று முதல்முறையாகப் போடாதீர்கள். தையல் எங்கே உரசும் என்பது மூன்று மணி நேரத்துக்கு அப்புறம்தான் தெரியும்.

என்ன சைக்கிள் வேணும்? என்கிட்ட கியர் சைக்கிள் ஒண்ணு இருக்கு.

பிரேக் ஒழுங்காக இருந்து, ஹேண்டில் பார் முனைகள் மூடியிருந்தால் ஹைப்ரிட், எம்.டி.பி. எனும் மலைச் சைக்கிள் எதிலும் வரலாம். மோட்டார் மட்டும் கூடாது. ஆனால் 90 கி.மீ. என்று வரும்போது ரோட் பைக் இருந்தால் நல்லது. ஐந்து லட்ச ரூபாய் டிரையத்லான் பைக்கை வைத்துக்கொண்டு, குனிந்த நிலையில் அரை மணி நேரம்கூட உட்கார முடியாமல் நிமிர்ந்து ஓட்டுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை ஃபிட்டிங்குக்குக் கொடுத்து சீட் உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

பயிற்சிக்கு ஈ.சி.ஆர். வசதி. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய போட்டி தூரம். நாலரை மணிக்குக் கிளம்பி, வெயிலும் வண்டிகளும் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். பின் விளக்கு இல்லாமல் போகாதீர்கள். ஈ.சி.ஆரில் மேடே இல்லை என்பதுதான் குறை. கோவா பாதையில் ஏற்ற இறக்கம் உண்டு.

சைக்கிளை அங்க எப்படிக் கொண்டுபோறது?

விமானம் என்றால் பைக் பெட்டி. சென்னையில் வாடகைக்கும் கிடைக்கிறது. பெடல், சக்கரம், ஹேண்டில் பாரைக் கழற்ற வேண்டும். வீட்டில் இரண்டு முறை கழற்றி மாட்டிப் பழகுங்கள். டயரில் காற்றை இறக்குங்கள், எலக்ட்ரானிக் கியரின் பேட்டரியைக் கைப்பையில் வையுங்கள். காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பியைப் பையில் வைத்து விமான நிலையத்தில் பறிகொடுக்காமல் கோவாவிலேயே வாங்கிக்கொள்ளலாம். கழற்றுவதற்கு முன் சீட் கம்பத்தில் ஒரு டேப் சுற்றி உயரத்தைக் குறித்துவிடுங்கள். போன தடவை நான் குறிக்கவில்லை. ஒரு விரல் அகலம் தாழ்ந்துபோய் 60ஆவது கிலோமீட்டரில் முழங்கால் பேசியது.

சைக்கிளைப் போட்டிக்கு முந்தைய நாளே டிரான்சிஷனில் வைத்துவிட வேண்டும். அதனால் சனிக்கிழமை ராத்திரி போய் இறங்கலாம் என்று டிக்கெட் போடாதீர்கள்.

கட்-ஆஃப் எவ்வளவு? நான் ரொம்ப ஸ்லோ.

கட்-ஆஃப் என்றால் நேர வரம்பு, அதற்குள் முடிக்காவிட்டால் வெளியேற வேண்டியதுதான். கோவாவில் வழக்கம் இதுதான்: நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிள் முடிய வேண்டும், மொத்தம் 8 மணி 30 நிமிடம். அந்தந்த வருட வழிகாட்டியில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் கணக்காகப் போட்டால் பயம் குறையும். நீச்சலில் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 வினாடி கிடைக்கிறது. ஒரு மணி நேரத்தில் நீந்தி, டி1இல் 8 நிமிடம் எடுத்தால் சைக்கிளுக்கு 4 மணி 22 நிமிடம் மிச்சம், அதாவது மணிக்கு 20.6 கி.மீ. டி2இல் ஐந்து நிமிடம் போனாலும் ஓட்டத்துக்கு 2 மணி 55 நிமிடம் இருக்கும். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 18 வினாடி. வேக நடையும் ஓட்டமுமாகவே தாக்குப்பிடிக்கலாம். என் கண்ணில் பட்டவரை முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டத்தில் வெளியேறுவதில்லை. நீச்சலின் 70 நிமிடத்தில்தான் கதை முடிகிறது. ஆனால் பயிற்சி நேரத்தில் பாதியை ஓட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

துணி மாத்த இடம் இருக்குமா? பொருளையெல்லாம் எங்க வைக்கிறது?

மூன்று பை கொடுப்பார்கள். நீலப் பையில் சைக்கிளுக்கான பொருள், சிவப்புப் பையில் ஓட்டத்துக்கானது, வெள்ளைப் பையில் முடித்தபின் போடும் துணி. துணி மாற்றக் கூடாரம் உண்டு, பெண்களுக்குத் தனியாக. வெளியில் உடை களைந்தால் தண்டனை.

என் நீலப் பையில் இருப்பது: ஹெல்மெட், கண்ணாடி, சாக்ஸ், ஷூ, ஒரு பழைய துண்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். பாட்டில் குடிக்க இல்லை, காலில் ஒட்டிய மணலைக் கழுவ. விரலிடுக்கில் மணலோடு ஷூ போட்டவருக்கு ஓட்டத்தின் பாதியில் ஏன் என்று புரியும்.

சாப்பாடு என்ன? நான் இட்லி ஆள், ஜெல் எல்லாம் பிடிக்காது.

ஜெல் என்பது உறையிலிருந்து பிழிந்து சாப்பிடும் சர்க்கரைக் கூழ். பிடிக்காவிட்டால் விடுங்கள், இட்லியே நல்லது. கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் நாலு இட்லி, சட்னி இல்லாமல் கொஞ்சம் சர்க்கரையோடு, ஒரு வாழைப்பழம். சைக்கிளில் மணிக்கு 50, 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். பேரீச்சம்பழம் நன்றாக வேலை செய்யும். கடலைமிட்டாய் வேண்டாம், ஓட்டிக்கொண்டே மெல்ல முடியாது, பல்லில் ஒட்டும். வயிறு ஏற்குமா என்பதை ஈ.சி.ஆர். பயிற்சியிலேயே பார்த்துவிடுங்கள்.

உண்மையான எதிரி வெயில். ஓட்டம் தொடங்கும்போது நடுப்பகல் ஆகியிருக்கும், காற்றிலும் ஈரம். வியர்வை காயாது, உடம்பு குளிராது. உங்கள் வியர்வையை நீங்களே அளக்கலாம்: ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது, நடுவில் குடித்ததையும் அதில் கூட்டுங்கள். எனக்கு 1.3 லிட்டர். அதற்காக வெறும் தண்ணீராகவே ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, விரல் வீங்கி, தலை வலித்து, பேச்சே குழறிவிடும். தண்ணீர் பற்றாததால் என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள், ஆபத்து அங்கேதான்.

மருந்துக்கடையில் பொடியாக விற்கும், உலக சுகாதார நிறுவன அளவிலான ஓ.ஆர்.எஸ். வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு இருக்கும். இனிப்புப் பானங்களை டப்பாவில் அந்தப் பெயரை ஒட்டி விற்பதற்கு 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடை போட்டது.

எதுக்கெல்லாம் டிஸ்குவாலிஃபை பண்ணுவாங்க?

நிறையப் பேர் மாட்டுவது டிராஃப்டிங்கில். முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஓட்டக் கூடாது. 12 மீட்டர் இடைவெளி வேண்டும், அதாவது ஒரு பெரிய எம்.டி.சி. பஸ்ஸின் நீளம். அதற்குள் நுழைந்தால் 25 வினாடிக்குள் தாண்டிவிட வேண்டும். மாட்டினால் தண்டனைக் கூடாரத்தில் ஐந்து நிமிடம். அங்கே நிற்காமல் போனால் போட்டியே போச்சு.

அப்புறம் ஹெல்மெட். சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுப்பதற்கு முன் வார் பூட்டியிருக்க வேண்டும், திரும்ப மாட்டிய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். என் முதல் போட்டியில் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி ஓடினேன். நடுவர் விசிலடித்து நிறுத்தி, திரும்பப் போய் ஸ்டாண்டில் மாட்டச் சொல்லி, 'டக்' என்ற சத்தம் கேட்ட பிறகுதான் விட்டார். இன்றைக்கும் அந்தச் சத்தம் வரும்வரை என் கை சைக்கிளைத் தொடாது. இவை தவிர: இயர்போன் கூடாது, ஜெல் உறையை ரோட்டில் வீசக் கூடாது, ஓட்டத்தில் எண் அட்டை முன்பக்கம் தெரிய வேண்டும், சைக்கிளில் இடப்பக்கமே ஓட்டி வலப்பக்கம் முந்த வேண்டும்.

பஞ்சர் ஆனா என் தம்பி வந்து ஹெல்ப் பண்ணலாமா?

தம்பி கூடாது. கூட ஓடி வந்து உற்சாகப்படுத்தவும் கூடாது, அதுவும் வெளி உதவி. ஆனால் உங்களைப் போலவே போட்டியிடும் இன்னொருவர் ட்யூபோ பம்போ கொடுக்கலாம். அவர் போட்டியைத் தொடர முடியாதபடி தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பதுதான் கூடாது. பின் சக்கர ட்யூபைப் பத்து நிமிடத்தில் மாற்றப் பழகிக்கொள்ளுங்கள். முதல் தடவை எனக்கு நாற்பது நிமிடம் ஆனது, அதுவும் வீட்டு ஹாலில், ஃபேன் காற்றில்.

பி.பி. மாத்திரை சாப்பிடறேன். வேற யார்கிட்டயாவது சொல்லணுமா?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்டவர் ஒரே ஒருவர். நாற்பதைத் தாண்டியவர்கள் அத்தனை பேரும் கேட்க வேண்டிய கேள்வி. தொழில்முறை வீரர்களுக்கு மட்டுமில்லை, வயதுப் பிரிவில் போட்டியிடும் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கும் ஊக்கமருந்து விதி பொருந்தும். பல பி.பி. மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயாசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்திருக்கும். இரண்டும் சிறுநீரைப் பெருக்கும் மருந்து, எல்லா நாளும் தடை. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறுங்கள், அல்லது சிகிச்சைக்கான விலக்குக்கு விண்ணப்பியுங்கள். சளிக்குப் போடும் சூடோஎஃபெட்ரினும் அளவு மீறினால் போட்டி நாளில் சிக்கல். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் குறிப்பிட்ட அளவுவரை சரி.

மாத்திரையே போடாதவரும் ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன வெயில் அப்படிப்பட்டது.

ரிலேல சைக்கிள் மட்டும் ஓட்டினேன். அயர்ன்மேன்னு போட்டுக்கலாமா?

ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துச் செய்வதற்கு ரிலே என்று பெயர். பதக்கம் உண்டு. நல்ல ஆரம்பம், நீச்சல் தெரியாதவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். பட்டம் என்று பார்த்தால், 226 கி.மீ. முழு தூரத்தை 17 மணி நேரத்துக்குள் முடித்தவரைத்தான் அயர்ன்மேன் என்பது வழக்கம். நடிகர் மிலிந்த் சோமன் 2015இல் சூரிச்சில் 15 மணி 19 நிமிடத்தில் முடித்தது அந்த தூரம். டிரையத்லான் வீராங்கனை அனு வைத்தியநாதன் 2009இல் கனடாவில் முடித்த அல்ட்ராமேன் இன்னும் மேலே: 10 கி.மீ. நீச்சல், 420 சைக்கிள், 84 ஓட்டம், மூன்று நாளில். எழுபது புள்ளி மூன்று முடித்த நானே போட்டுக்கொள்வதில்லை. என் மாமியார் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார், தடுக்க முடியவில்லை.

கடல் மோசமா இருந்தா நீச்சலை ரத்து பண்ணிடுவாங்களா? பணம் திரும்ப வருமா?

தூரத்தைக் குறைக்கலாம், முழுக்க ரத்தும் செய்யலாம். ரத்தானால் சைக்கிளில் ஒருவர் பின் ஒருவராக அனுப்புவார்கள். முடித்தால் பதக்கம் உண்டு, பணம் வராது. நீச்சலுக்குப் பயந்தவர்கள் இதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்படுவது முகத்திலேயே தெரியும். அதை நம்பிப் பயிற்சியை விடாதீர்கள், முந்தைய நாள் ராத்திரி பேய் மழை பெய்தாலும் காலையில் கடல் அமைதியாக இருக்கலாம்.

மொத்தம் எவ்ளோ செலவாகும்?

பதிவுக் கட்டணமே இருபதாயிரத்தைத் தாண்டும், முன்னாலேயே பதிந்தால் கொஞ்சம் குறைவு. விமானம், சைக்கிள் பெட்டி, மூன்று ராத்திரி தங்குவது எல்லாம் சேர்ந்து அதே அளவு இன்னொரு மடங்கு. சைக்கிள் தனி. உடற்பயிற்சிக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை.

முடிச்ச மறுநாள் வேலைக்குப் போகலாமா?

போகலாம், லிஃப்ட் இருக்கும் அலுவலகமாக இருந்தால். படி ஏறுவது பிரச்சினை இல்லை. இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி இறங்குங்கள்.